‘எட்டலையே’ பாட்டு விஷயமாக மச்சானுக்கு எழுதும் விளக்கம்

மரைன் ஹில்,
போர்ட் பிளேர்.
ஆனி 12, வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் பழனியாண்டி அவர்களுக்கு, தங்கள் தங்கை ஒச்சம்மாவின் கணவன் திருநாவுக்கரசு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மழையும் நலம். அங்கு தங்கள் முழங்கால் வலியும் அக்கா மங்கையர்க்கரசியின் சர்க்கரையும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை தாங்கள் என்னோடு தொலைபேசியில் பேசியது பதினோரு நிமிடம். அதில் நான் பேசியது ‘மச்சான்’ என்ற ஒரு சொல். அதை நான்கு முறை தொடங்கினேன், நான்கு முறையும் தாங்கள் முடிக்க விடவில்லை. “செத்தவ சாமியாயிட்டா மாப்பிளை. அவ போட்டோவுக்கு முன்னாடி கெட்ட பாட்டுப் பாட வச்சிருக்கீக. இனி நீங்க யாரோ நான் யாரோ” என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். கடிதத்தை இடையில் வெட்டிப் பேச முடியாது என்பதால் இதை எழுதுகிறேன். தங்கள் தாலுகாக்காரர் என்ற பாசத்தில் நான் வருஷத் திதிக்குச் சாப்பிட அழைத்த கான்ட்ராக்டர் நந்தகுமார், பாயசம் குடித்துக்கொண்டே எடுத்து அனுப்பிய வீடியோ நாற்பது நொடிதான். அதற்கு முன்னால் ஒரு முழு வருடம் இருக்கிறது. அதையும் கேட்டுவிட்டுத் தாங்கள் என்ன முடிவெடுத்தாலும் எனக்குச் சம்மதம்.

ஒச்சம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தது பதினொரு நாள். ஆறாம் நாள் மதியம், கண்ணை மூடியபடி எதையோ முணுமுணுத்தாள். குனிந்து காதை வைத்தேன். ‘எட்டலையே, எட்டலையே’ என்று ஒரு ராகத்தோடு வந்தது. “என்ன பாட்டு ஒச்சம்மா?” என்று கேட்டேன். கண்ணைத் திறந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “சாமி பாட்டுங்க” என்றாள். உதட்டோரம் லேசாகத் துடித்தது. அதை நான் வலி என்று எடுத்துக்கொண்டு நர்ஸைக் கூப்பிட்டேன். அதற்குப் பிறகு அவள் அதிகம் பேசவில்லை. அவள் போன அன்று எனக்கு இருந்த ஒரே ஆறுதல் அந்த ‘எட்டலையே’தான். அடிமுடி தேடி அயனும் மாலும் எட்டாமல் நின்ற கதையை நினைத்து உருகியிருக்கிறாள், இவ்வளவு பக்தியை இத்தனை வருடம் அடக்கமாக உள்ளேயே வைத்திருந்திருக்கிறாள் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். நான்தான் சென்னையிலிருந்த மகன் கோகுலிடம் சொல்லி நினைவஞ்சலி அட்டை அடித்து வரச் சொன்னேன். ‘இறைவன் திருவடி எட்டலையே, எட்டலையே என்று உருகிப் பாடியபடியே சிவபதம் அடைந்த’ என்று அவள் படத்துக்குக் கீழே மஞ்சள் எழுத்தில் போட்டிருந்தது. தங்களுக்கும் ஒன்று வந்திருக்கும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஆண்கள் எல்லாம் வெளியே பந்தலில் உட்கார்ந்திருந்தோம். கோகுல் அட்டைகளைக் கொடுத்துக்கொண்டே உள்ளே போனான். சமையல்கட்டில் முதலில் ஒரு விம்மல் கேட்டது. பிறகு பல விம்மல்கள். அழுது அழுது யாருக்கோ புரையேறிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர்ச் செம்போடு ஓடினேன். பதினைந்து பெண்கள் இருந்திருப்பார்கள். எல்லோர் கையிலும் அட்டை. பழைய குவார்ட்டர்ஸ் பக்கத்து வீட்டு ராசம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். அங்கே மாடி வீட்டில் இருந்த பெங்காலி அம்மா சுவரைப் பிடித்தபடி தரையில் சரிந்துகொண்டிருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது உண்மை. ஆனால் அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள் மச்சான். என்னைப் பார்த்ததும் மொத்தமும் நின்றது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அதைக்கூட யாரும் இறக்கவில்லை. நான் செம்பை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதை மறக்க நான்கு மாதம் முயன்றேன். செத்துப்போனவளின் பக்தியைப் பார்த்துச் சிரிக்க இவர்களுக்கு எப்படி மனம் வந்தது என்று ஒரு நாள் கோபம் வரும், என் தமிழில் ஏதும் பிழையோ என்று மறுநாள் அட்டையை எடுத்துப் பார்ப்பேன். கடைசியில் ஒரு காலை, இங்கே மின்னி பே பகுதியில் இருக்கும் ராசம்மா வீட்டுக்கு அட்டையோடு போய்விட்டேன். அவள் கணவர் துறைமுகத்தில் லஷ்கராக இருந்து ஓய்வு பெற்றவர், கப்பலுக்குக் கயிறு வீசிக் கட்டுகிற வேலை. எங்கள் ஆபீஸிலும் குவார்ட்டர்ஸிலும் ஹெட்கிளார்க்கை எல்லோரும் ‘படா பாபு’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் அவளுக்கு நான் படா பாபுதான்.

“அன்னிக்கு எதுக்குச் சிரிச்சீங்க ராசம்மா?” என்றேன்.

“கேக்காதீங்க படா பாபு. கேட்டா நான் சொல்லிருவேன்” என்றாள்.

“அதுக்குத்தானே வந்திருக்கேன்.”

அவள் கணவரை மீன் வாங்கி வரச் சொல்லி அனுப்பினாள். எனக்கு டீ கொடுத்தாள். பிறகு எழுந்து போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துப் பாடினாள்.

ஆழக் கெணத்தோரம் ஆளில்லாத நேரம் பாத்துத்
தண்ணி சேந்த வாரேன்னு தலப்பாக்கட்டி வந்த மாமா,
கொட்டி எறைப்பேன்னு கொக்கரிச்சு நின்ன மாமா,
கொண்டாந்த கயித்த விட்டா – மாமா
கொஞ்சங்கூட எட்டலையே.

ராகம் அதேதான். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. “இதுல சிரிக்க என்ன இருக்கு? கிணத்தோட ஆழத்தை முதல்லயே அளந்து கயிறு வாங்கியிருக்கணும்” என்றேன். ராசம்மா காலண்டரை விட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள். பரிதாபமாகப் பார்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். அரை நிமிடம் கழித்து எனக்கு விளங்கியது. டீ புரையேறி, அவள் என் தலையில் தட்ட வேண்டியதாகிவிட்டது.

அன்றே நான் பேசாமல் வீட்டில் இருந்திருக்க வேண்டும். ஆனால் முப்பத்து நான்கு வருடம் ஃபைல் பார்த்தவனுக்கு ஒரு தாளில் ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அதன் முதல் தாள்வரை போய்ப் பார்க்காமல் இருக்க முடியாது. ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். எந்த இடத்துப் பாட்டு, பாடியவர் யார், யாரிடமிருந்து கற்றார் என்று மூன்று கட்டம். ராசம்மாவே இரண்டாவது பாட்டையும் கொடுத்தாள். அது துறைமுகத்துப் பாட்டு.

மெட்ராஸுக் கப்பல் வந்து ஜெட்டியோரம் நிக்கையில
லஷ்கரு மாமாவும் கயித்தெடுத்து வீசினாரு,
மூணு தரம் வீசியும் – அந்த
மொனையக்கூட எட்டலையே.

ஜெட்டி என்பது இங்கே கப்பல் துறை, தாங்கள் தவறாக எண்ண வேண்டாம். தவறாக எண்ணினாலும் பாட்டுக்குப் பொருந்தும் என்று ராசம்மா சொல்கிறாள். இதை அவள் கணவரை வைத்துக்கொண்டே பாடுவார்களாம். அவரும் சிரிப்பாராம்.

அடுத்து பத்துபஸ்தியில் மகளோடு இருக்கும் வசந்தகுமாரியிடம் போனேன். எனக்குக் கச்சால் தீவில் மூன்று வருடம் வேலை இருந்தபோது பழக்கமான குடும்பம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடியேறியவர்கள். பத்துபஸ்தி விமான நிலையத்தை ஒட்டிய இடம். அந்த அம்மா வெட்கத்தை விட்டு முக்கியமான சொல்லுக்கு வரும்போதெல்லாம் ஒரு விமானம் இறங்கும். மறுபடி பாடுங்கள் என்று கேட்க எனக்குக் கூச்சம், மறுபடி பாட அவளுக்குக் கூச்சம். மூன்று விமானம் போன பிறகு எழுதி முடித்தேன்.

தேயில தளுத்திருக்க தேடி வந்த கங்காணி
கூடைய எறக்கு புள்ள கூட வாரேன்னாரு,
கவ்வாத்துக் கத்திய நீட்டி – ஐயா
காம்பக்கூட எட்டலையே.

கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியைக் கழித்து விடுவது, லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. “இது எங்க லயத்துப் பாட்டு தானே. நாங்க தானே ஒச்சம்மாக்காவுக்குப் படிச்சுக் குடுத்தது” என்றாள் வசந்தகுமாரி. இதை நான் ராசம்மாவிடம் சொல்ல, அவள் உடனே என் போனிலேயே வசந்தகுமாரியைக் கூப்பிட்டு, “க்யா பாத் கர்தி ஹை, என்ன பேச்சுப் பேசுறே, கச்சாலுக்குப் போறதுக்கு முந்தியே அவ பாடினவ” என்று சண்டையைத் தொடங்கினாள். கேட்க வேண்டாம் என்று நான் தள்ளிப் போய் நின்றேன். அந்தச் சண்டையில்தான், “ரொம்பப் பேசினே, படா பாபு பாட்டு யாரு கட்டினதுன்னு சொல்லிருவேன்” என்று ராசம்மா கத்தினாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஒச்சம்மா என்னை வைத்தே கட்டிய அந்தப் பாட்டை ராசம்மாவிடமிருந்து வாங்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. தாங்கள் என்னைக் காறி உமிழ்ந்தாலும் அதையும் எழுதுகிறேன்.

மேல் ரேக்கு ஃபைலெல்லாம் மெத்தையாட்டம் கெடக்குதம்மா,
ஸ்டூலு மேல ஏறி நின்னு படா பாபு கைய நீட்டி
எக்கி எக்கிப் பாத்தாரு – எங்க
ஆபீஸரு எட்டலையே.

நான் ஐந்தடி ஒரு அங்குலம். அது தங்களுக்குப் பெண் பார்க்க வந்த அன்றே தெரியும். “என் உயரத்தைப் பத்தி அவ இவ்வளவு வருத்தப்பட்டது எனக்குத் தெரியாமப் போச்சே” என்றேன். ராசம்மா தலையைக் குனிந்துகொண்டு, “அது ஒசரத்தப் பத்தி இல்ல படா பாபு” என்றாள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும் அல்லவா? வரவில்லை மச்சான். அந்த ஸ்டூல் வரி நன்றாக இருந்தது. ஆபீஸில் அந்த ஸ்டூலை அவள் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருப்பாள், நான் சாப்பாட்டு டப்பாவை மறந்து போன அன்று. அதை இப்படி எடுத்து வைத்திருக்கிறாள். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “இத்தனை பேருக்குப் பாடியிருக்கா. எனக்கு ஏன் ஒரு தடவைகூடப் பாடலை?”

ராசம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “உங்களுக்கு நெசமாவே ஞாபகம் இல்லையா?” என்றாள்.

1985இல் கல்யாணம் முடிந்த மறுமாதம் நாங்கள் சென்னையிலிருந்து கப்பலில் வந்தோம். ராசம்மா குடும்பமும் அதே கப்பலில்தான் முதன்முதலாக இங்கே வந்தது. அடுக்குப் படுக்கை போட்ட பங்க் கிளாஸில் பெண்கள் எல்லாம் இரண்டு நாளாக வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தார்கள். ராசம்மா சாகப்போகிறேன் என்று அழுதிருக்கிறாள். புதுப்பெண்ணான ஒச்சம்மா, மஞ்சள் கயிறு ஈரம் காயாமல், பங்கின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து இந்தப் பாட்டைப் பாடியிருக்கிறாள். மொழி தெரியாத பெண்கள்கூடச் சிரித்தார்களாம். அப்போது நான் எலுமிச்சம்பழத்தோடு படியில் இறங்கி வந்தேன். எனக்குப் பின்னால் எங்கள் செக்‌ஷன் சூப்பரின்டெண்டன்ட் வந்துகொண்டிருந்தார். நான் அப்போது வெறும் எல்.டி.சி., கீழ்நிலை கிளார்க். “இன்னொரு தடவை இது உன் வாயிலேர்ந்து வந்தா, இதே கப்பல்ல உன்னத் திருப்பி அனுப்பிருவேன்” என்று எல்லோர் முன்னாலும் சொன்னேனாம். அவள் ‘சரிங்க’ என்றாளாம்.

எலுமிச்சம்பழம் எனக்கு ஞாபகம் இருக்கிறது மச்சான். அந்த வார்த்தை ஞாபகம் இல்லை. ஆபீஸில் ஒரு நாளைக்கு நூறு பேரை அதட்டியவனுக்கு எது ஞாபகம் இருக்கும்? அவள் முப்பத்தொன்பது வருடம் அந்தச் ‘சரிங்க’வைக் காப்பாற்றியிருக்கிறாள். குவார்ட்டர்ஸில் பெண்கள் கூடுவது பத்தரைக்கு மேல், கலைவது ஐந்துக்கு முன். நான் மேட்டில் ஏறி வருவது தெரிந்ததும் பெங்காலி அம்மா மாடியிலிருந்து “படா பாபு ஆ ரஹா ஹை” என்று குரல் கொடுப்பாளாம். நான் உள்ளே வரும்போது எல்லோரும் கப்சிப்பென்று எழுந்து நிற்பார்கள். அது எனக்குக் காட்டும் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மரியாதையைப் பற்றி அவளிடமே பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். அவள் காபியை ஆற்றிக்கொண்டே ‘ஆமாங்க’ என்பாள்.

இனி, தங்களைப் பற்றிய பகுதிக்கு வருகிறேன். மூன்றாவது கட்டத்தில், இந்தப் பாட்டு ஒச்சம்மாவுக்கு யாரிடமிருந்து வந்தது என்று எழுத வேண்டியிருந்தது. ராசம்மா சத்தியம் செய்து சொன்னாள். “அவ ஒம்பது வயசுப் பிள்ளையா இருக்கையில, அவுக அண்ணன் கெணத்துல மாடு பூட்டிக் கமலை ஓட்டிக்கிட்டே இத எடுத்து விடுவாராம். அய்யா வாராகளான்னு பாக்க இவ வரப்புல காவல் நிப்பாளாம். அப்படிக் கேட்டுப் படிச்சதுதான்.” ஒச்சம்மாவுக்கு அண்ணன் ஒருவர்தான். ஆகவே நோட்டில் தங்கள் பெயரை எழுதியிருக்கிறேன். பத்தொன்பது வயதில் மாட்டோடு தனியாக நிற்கிறவர் எதைப் பாடினால் என்ன? நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் ‘கெட்ட பாட்டு’ என்று பதினோரு நிமிடம் பேசிய தாங்கள், அது எங்கிருந்து கிளம்பியது என்பதையும் யோசிக்க வேண்டும். ஆவணம் என்றால் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். அதில் எனக்கு மச்சான், மாப்பிள்ளை என்ற பேதம் கிடையாது.

கடைசியாக, நந்தகுமாரின் வீடியோ. திதியன்று சாமி கும்பிட்டு முடித்ததும் நானே சமையல்கட்டு வாசலில் போய் நின்று, “அவளுக்குப் பிடிச்சதைப் பாடுங்க” என்றேன். “நீங்க வெளிய போங்க, பாடுறோம்” என்றாள் ராசம்மா. “இனிமே நான் வெளிய போறதா இல்லை” என்றேன். அப்படியே நின்றோம். குக்கர் மூன்று விசில் அடித்தது. யாரும் பாடுகிற வழியாக இல்லை. வீடியோவின் தொடக்கத்தில் தகரத்தைத் தேய்ப்பது போல ஓர் ஆண் குரல் கேட்குமே, ராகம் தப்பி, அது என்னுடையது. ஆழக் கிணற்றில் தொடங்கி நான்காவது வரிவரை வந்துவிட்டேன். ஐந்தாவது வரி எனக்கு வரவில்லை. அதை அவர்கள் எடுத்துப் பாடினார்கள். பெங்காலி அம்மா பாடினாள், வசந்தகுமாரி பாடினாள். பிறகு துறைமுகம், தேயிலை என்று வரிசையாகப் போய், என்னை நேருக்கு நேர் வைத்துக்கொண்டே ஸ்டூல் பாட்டையும் பாடினார்கள். சிரித்தார்கள். நான் அங்கேயே நிற்கும்போது சிரித்தார்கள் மச்சான். அவள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் அப்படி நின்ற ஒரு நாள்கூட அவளுக்கு வாய்க்கவில்லை.

இவ்வளவுதான் நடந்தது. நோட்டில் தங்கள் பெயருக்கு எதிரே தாங்கள் ஒரு வரி உறுதி செய்து எழுதினால் போதும். உண்மைக்குப் புறம்பாக ஒரு சொல்லும் வேண்டாம். பாட்டில் இன்னும் ஏதாவது அடி மிச்சம் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்பவும். அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நோய்நொடி அண்டாமல், சொன்ன பேச்சைப் பாதியாவது கேட்டு, நல்லபடியாக வளர வேண்டும் என்று இந்தத் தீவுக்கரையிலிருந்து வாழ்த்துகிறேன்.

தங்கள் உறவைத் துறக்க மனமில்லாத,
திருநாவுக்கரசு.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் வசந்தகுமாரி வந்தாள். அவள் சொன்னதைச் சரியாக எழுதியிருக்கிறேனா என்று பார்க்க, தங்களைப் பற்றிய பகுதியைப் படித்துக் காட்டினேன். “அண்ணே, அத அனுப்ப வேணாம். தன்னோட அண்ணன் பாடினதுன்னு ஒச்சம்மாக்கா சும்மா சொன்னது தானே. எல்லாம் அவவே கட்டினது. பொம்பள கட்டுனான்னா ஏசுவாங்க, அண்ணன் பாடினதுன்னா ஊர்ப்பாட்டாயிரும்னு சொல்லுவா. கங்காணிப் பாட்டும் அவ கட்டிக் குடுத்தது தான். நாங்களும் எங்க பாட்டுன்னு சொல்லிக்க ஒண்ணு வேணும் தானே, அதனால இருந்துட்டேன்” என்று அழுதாள். ராசம்மா தன் சத்தியத்தை மாற்றவில்லை. யார் சொல்வது சரி என்று தங்களுக்கு மட்டுமே தெரியும். மேலே உண்மையைப் பற்றி நான் எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். ஏதோ ஊரில் பாடுகிற பாட்டை நிறுத்தினேன் என்றால் எப்படியோ மிச்ச நாளைத் தள்ளிவிடுவேன். அவளே கட்டிய பாட்டை நிறுத்தினேன் என்றால் என்னால் முடியாது. அதனால் நடந்தது எதுவாக இருந்தாலும் சரி மச்சான், ‘நான்தான் பாடினேன்’ என்று தாங்கள் ஒரு கார்டு எழுதிப் போடுங்கள்.